தேர்வுச் சீட்டு

பதினாறாம் நாள் படையலுக்கு இலை போட்டாகிவிட்டது.

நிர்மலாதேவியின் படத்துக்கு முன்னால் அவளுக்குப் பிடித்ததையெல்லாம் ஒவ்வொன்றாக வைத்தார்கள். நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம். கெட்டியாகக் கலக்கிய மைலோ. தீபாவளிக்கென்று எடுத்து, உறை பிரிக்காமலே கிடந்த சேலை.

கடைசியாக, அவளுடைய தாய்மாமா காந்தன் புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். இலக்கணம், செய்யுள், பழைய கேள்வித்தாள்கள், மூலை மடங்கிய ஆறு நோட்டுகள்.

"இத வச்சோம்னா மேல போயும் சோறு திங்காமப் படிச்சிக்கிட்டேதான் இருப்பா லா."

இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்தவர்கள்தான் முதலில் அழுதார்கள்.

அவள் கணவன் புவனேந்திரன் சுவரோரம் நின்றான். அவனுக்கு இரண்டும் வரவில்லை.

அவள் படித்த பள்ளியில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் தமிழ் கிடையாது. கேட்டது மூன்றே பேர். மூன்று பேருக்காக வகுப்பு திறக்க மாட்டார்கள். மற்ற இருவரும் வேறு பாடத்துக்கு மாறினார்கள். இவள் மாறவில்லை. பாலர் பள்ளி வேலைக்குப் போய்விட்டாள்.

கல்யாணமாகி இரண்டாம் மாதம், தனித்தேர்வராக ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். எழுதப் போகிறேன் என்றாள். தமிழையும் சேர்த்து.

சொல்லிக்கொடுக்க ஆளில்லை. சமையலறை மேசைதான் வகுப்பு. விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்துவிடுவாள். சட்னி அரைபடும் சத்தத்துக்கு மேலே செய்யுள் ஒப்பிப்பாள். ஜாசினிலிருந்து நியாலாஸ் வரைக்கும் அவளுடைய சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும், நவம்பரில் நிர்மலாவுக்குப் பரீட்சை.

பரீட்சை இல்லை என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

தேர்வு விண்ணப்பப் பாரத்தை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, தேர்வு அலுவலகக் கவுண்டரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் கொடுத்துவிடுகிறேன் என்று அவன்தான் வாங்கிக்கொண்டான். சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் அப்போது பராமரிப்பு வேலை. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அவனுக்கு நினைவு வந்தது சனிக்கிழமை காலை.

கொடுத்துவிட்டீர்களா என்று கேட்டாள். கொடுத்துவிட்டேன் என்றான்.

பாரத்தை நாலாக மடித்து, தன் சான்றிதழ்க் கோப்பின் கடைசியில் செருகினான். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே மாதங்கள் ஓடின. தேர்வுச் சீட்டு எப்போது வரும் என்று அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அதைத் தன் நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டான்.

அப்புறம் அவளுக்கு டிங்கிக் காய்ச்சல். ஐந்தே நாள்.

மருத்துவர் வெளியே வந்து சொன்னபோது, அழுகைக்கு முன்னால் அவனுக்கு வேறொன்று வந்தது. இனி அவளிடம் சொல்ல வேண்டியதில்லை.

மாமியார் ஜெயா நோட்டுகளின் மேல் நீலப் பேனாவை வைத்தார். நேராக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"மாப்ள, அந்த எக்ஸாம் சிலிப்பு எங்க? அதையும் வச்சிருவோம். எழுதப் போற புள்ளைக்கு அது இல்லாம எப்படி?"

கூடத்தில் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

அறைக்குள் போனான். கொஞ்ச நேரம் தேடுவதுபோல் இருந்துவிட்டு, கிடைக்கவில்லை என்று சொல்லிவிட வேண்டியதுதான். வெளியே கேட்கட்டும் என்று அலமாரியைச் சத்தமாகத் திறந்தான். மச்சினி மோகனா உதவிக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம் வந்தது. பாரத்தை எடுத்துச் சட்டைக்குள் ஒளிக்கக் கோப்பை உருவினான்.

கடைசியில் கைவிட்டுத் துழாவினான். இல்லை.

முதலிலிருந்து புரட்டினான். முதல் பிளாஸ்டிக் உறையில் அவனுடைய டிப்ளோமா. அதற்கடுத்த உறையில், மடிப்பெல்லாம் நீவிவிடப்பட்டு, அவளுடைய பாரம்.

ஜூன் மாதம் ஆலையில் அனுமதி அட்டையைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். கோப்பிலிருந்து டிப்ளோமாவைப் படமெடுத்து அனுப்பு என்று வேலையிடத்திலிருந்து அவளைப் போனில் கூப்பிட்டவன் அவன்தான். அவள் அனுப்பினாள். அன்று ராத்திரி சோறு போட்டாள். மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்தாள். அதற்கடுத்த நாளும்.

உறையின் மேல் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. ஜூன் மாதத் தேதி. அவள் கையெழுத்து.

'அடுத்த வருசம் ரெண்டு பேரும் லீவு போட்டுப் போயிக் குடுக்கணும்.'

கிடைத்ததா என்று கூடத்திலிருந்து மாமியார் கேட்டார்.

உறையோடு கொண்டுவந்து பேனாவுக்குப் பக்கத்தில் வைத்தான். மஞ்சள் தாளை உரிக்கவில்லை.

மாமியார் குனிந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

பிறகு மோகனாவிடம், தன் மூக்குக்கண்ணாடியை எடுத்துவரச் சொன்னார்.