ஃப்ரீசரில் ஒரு துளி

பிழைத்து வீட்டுக்குப் போன நோயாளி யாரும் எங்கள் ஆய்வகப் பக்கம் வந்ததில்லை. பேச்சியம்மாள் மட்டும்தான் வந்தார். ரத்தத்தில் பூஞ்சை பரவி இருபத்திரண்டு நாள் ஐசியூவில் கிடந்தவர். கொடுத்த எந்த மருந்துக்கும் அது அசைந்து கொடுக்கவில்லை. அதன் மரபணுவை முழுக்கப் படித்து, எந்த மருந்துக்கு மசியாது, எதற்கு மசியும் என்று நாங்கள் எழுதி அனுப்பிய பிறகுதான் டாக்டர்கள் மருந்தை மாற்றினார்கள்.

“அத ஒரு தடவ கண்ணால பாக்கணும் தாயி.”

ஃப்ரீசரைத் திறந்து, சுண்டுவிரல் உயரக் குப்பி ஒன்றை எடுத்துக் காட்டினேன். அடியில் வெள்ளையாக ஒரு துளி உறைந்திருந்தது.

“செத்துப்போச்சா?”

“இல்லம்மா, தூங்குது. இன்னொருத்தருக்கு இதே மாதிரி வந்தா, இதோட ஒப்பிட்டுப் பாத்துச் சீக்கிரமே சொல்லிடலாம். அவங்க உங்கள மாதிரி இருபத்திரண்டு நாள் கெடக்க வேண்டாம்.”

குப்பியைத் திரும்ப உள்ளே வைத்து மூடினேன்.

“கரண்ட் போனா?”

“ஜெனரேட்டர் இருக்கும்மா.”

என் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்.

மாதாமாதம் பராமரிப்புக்காக அவர் தெருவில் மின்சாரத்தை நிறுத்தும் நாளில், காலை ஒன்பது மணிக்கெல்லாம் எனக்குப் போன் வந்துவிடும். அவர் தெரு ஊரின் அந்தக் கோடி, நாங்கள் இந்தக் கோடி. அங்கே நிறுத்தினால் இங்கே நிற்காது என்று எத்தனை முறை சொல்லியும் கேட்பதில்லை. முதலில் எனக்கு எரிச்சல்தான்.

“இங்க நிப்பாட்டிட்டான் தாயி. அங்க நம்மாளு நல்லாருக்கானா?”

இப்போது எழுந்து போய்ப் போனை ஃப்ரீசரின் மேல் வைத்துவிடுகிறேன். அது உறுமுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அவரே வைத்துவிடுகிறார்.