வழிவிடும் ட்ரோன்

சேலையூர் ஆபீஸிலிருந்து ரோஹிணி அனுப்பிய ட்ரோன், கண்ணுக்கெட்டாத தூரத்தில், மாடம்பாக்கம் ஏரிக்கு மேலே நின்றுவிட்டது. எதிரே வேறொரு கம்பெனியின் ட்ரோன். இது ஒதுங்கிய பக்கமே அதுவும் ஒதுங்கியது. இது பின்வாங்கினால் அதுவும் பின்வாங்கியது. கேமராவில் எல்லாம் தெரிந்தது.

"மோதாம விலகத்தான் ரெண்டுக்கும் சொல்லிக் குடுத்திருக்கு. அதுக்காக நாள் பூரா விலகிட்டே இருந்தா?" என்றார் மேனேஜர் ஜெபராஜ். "பேட்டரி தீர்ந்தா ரத்த சாம்பிளோட ஏரியில விழும். அவங்க இன்ஜினியரைத் தெரியுமா?"

"ஷ்யாம்சுந்தர்னு ஒருத்தர், சார்."

"நம்பர் இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன? பேசும்மா."

ரோஹிணி போனை எடுத்தாள். திரும்பக் கீழே வைத்தாள். "அவரே கூப்பிடட்டுமே, சார்."

"இதுல என்னம்மா கௌரவம்?"

பேட்டரி பதினெட்டு சதவீதத்துக்கு இறங்கியது. ரோஹிணி பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணை அழுத்தினாள்.

"உங்க ட்ரோன் அப்படியே நிக்கட்டும். எங்களோடது மேலே ஏறிப் போயிடும்."

மறுமுனையிலிருந்து ஏதோ பதில் வந்தது. ரோஹிணி "சரி" என்று வைத்துவிட்டாள்.

ட்ரோன் மேலே ஏறி, மற்றதைத் தாண்டிப் பறந்தது. ஜெபராஜ் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார்.

"தங்கமான மனுஷனா இருக்காரே. என்ன சொன்னார்?"

"என் வீட்டுக்காரர்தான், சார். நாங்க பேசி நாலு நாளாச்சு," என்றாள் ரோஹிணி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "வரும்போது தோசை மாவு வாங்கிட்டு வரட்டுமான்னு கேட்டார்."