கண்ணாடி காட்டிய அழகி

அழகுக் கண்ணாடி இல்லாத வீடே இல்லாத காலம். இதழினி வீட்டுக் கண்ணாடி தூய தமிழில்தான் பேசும். "தேவியே, இலட்சிய உருவை எட்ட இன்னும் சற்றே மெலிய வேண்டும்" என்று தினமும் காலையில் அது அருள்வாக்கு சொல்லச் சொல்ல, அவள் சாப்பாடு அரை இட்லியாகச் சுருங்கிவிட்டது. நேற்று குளியலறையில் மயங்கி விழுந்தாள்.

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் அவள் அம்மா சாருமதி, கண்ணாடி முன் போய் நின்றாள்.

"எவள மாதிரி எம்பொண்ணு ஆகணுங்கிற? அவளக் கொஞ்சம் காட்டு, பாப்போம்!"

கண்ணாடி பெருமிதத்தோடு காட்டியது. சாருமதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மகளைக் கூப்பிட்டாள்.

"அடியே, இது எங்க கடை வாசல்ல நிக்கிற பொம்மைடி! நான்தான் தெனமும் சேலை கட்டிவிடுறேன். இதுக்கே ரவிக்கை தொளதொளன்னு தொங்கும். முதுகுல வரிசையா குண்டூசி குத்தித்தான் நிறுத்துவோம்!"

"அப்ப குண்டூசி இல்லாம பொம்மையே அந்த அழகை எட்டலையாம்மா?"

கேட்டுவிட்டு இதழினியும் சிரித்தாள். சிரித்த களைப்பில் பசித்தது. தோசை கேட்டாள்.

இரண்டாவது தோசைக்குக் கண்ணாடி பதறியது. "தேவியே, இலக்கு விலகுகிறது!"

சாருமதி ஒரு பழைய சேலையை எடுத்து அதன்மேல் அழகாகப் போர்த்தினாள். பின்பக்கம் மறக்காமல் குண்டூசியும் குத்தினாள்.