தங்கத் தண்ணி

"ரூம் பிடிச்சிருக்கா?"ன்னு கேட்ட வாயாலேயே வீட்டுக்காரி ஜானுகா கார்க்கி அடுத்ததையும் கேட்டா.

"அது சரி, நீங்க என்ன ஆளுங்க?"

சிர்ஜனா எதிர்பார்த்ததுதான். காட்மாண்டுல வீடு தேடி அலைஞ்சவங்க எல்லாருக்கும் இது பழக்கம். வெளிச்சம் வருதா, தண்ணி வருமா, எல்லாம் பேசி முடிச்சு, சாவியை நீட்டப் போற நேரத்துலதான் கேப்பாங்க. கீழேயே கேட்டுட்டா மாடி ஏறின மூச்சாவது மிச்சமாகும். எங்க கேக்கறாங்க!

ரூமைப் பார்த்துட்டு ரெண்டு பேரும் வாசலுக்கு இறங்கியாச்சு. அங்க அவ சாமான் ஏத்தின டெம்போ நிக்குது. ஒரு கட்டில், கேஸ் அடுப்பு, துணி மூட்டை. டெம்போக்காரன் விடாம ஹாரன் அடிக்கிறான். அவன் கதை தனிக் கதை. நாலு வீட்டு வாசல் பார்த்ததுமே, "தங்கச்சி, பேசாம என் வண்டியிலயே குடித்தனம் பண்ணிடு. சாதி கேக்க மாட்டேன், டீசல் மட்டும் போடு"ன்னு சிரிச்சவன். நல்லவன்தான், வாய்தான் நீளம்.

"மிஜார்"னா சிர்ஜனா.

மிஜார்னா செருப்புத் தைக்கிற ஆளுங்கன்னு அந்த ஊர்ல பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். கார்க்கி மாதிரி மேல்சாதிக்காரங்க, மிஜார் தொட்ட தண்ணியைத் தொட மாட்டாங்க. சட்டம் கூடாதுன்னுதான் சொல்லுது. வாசப்படிக்கு அது கேக்கணுமே!

ஜானுகாம்மா சட்டுனு தெருவைப் பார்த்தா. குரலை இறக்கினா.

"ஏண்டி, உனக்கு வேற பேரே கிடைக்கலையா? தாபான்னு ஏதாவது மேல்சாதிப் பேரைச் சொல்லித் தொலையேன். நானும் கேட்டுக்கறேன், நீயும் இருந்துக்கோ."

"சொல்லிப் பார்த்தாச்சும்மா."

சொல்லித்தான் பார்த்தா. முந்தின வீட்டுல தாபான்னுதான் இருந்தா. அந்த வீட்டுக்காரி அரிசி மாவுல செல்ரொட்டி சுட்டா முதல் ரொட்டி இவளுக்குத்தான். அவ்வளவு பிரியம். போன வாரம் ஊர்லேருந்து அப்பா வந்தாரு, முதுகுல ஒரு கூடை ஆரஞ்சைச் சுமந்துக்கிட்டு. "யாரு இவரு?"ன்னு வீட்டுக்காரி கேக்க, இவ வாயில "எங்க ஊர்க்காரரு"ன்னு வந்துடுச்சு. அப்பா கூடையை இறக்கி வச்சுட்டு அடுத்த பஸ்ஸுல ஏறிட்டாரு. அந்த ஆரஞ்சுல ஒண்ணைக்கூட இவ தொடல. இன்னிக்குக் காலையில தானாவே போய் உண்மையைச் சொல்லிட்டா. டீ ஆறறதுக்குள்ள கட்டில் தெருவுல கிடந்துது.

"இனிமே எங்கப்பாவை ஊர்க்காரர்னு சொல்ல மாட்டேன்மா. மிஜாராவே இருக்கலாம்னா இருக்கேன். இல்லாட்டி டெம்போ இருக்கு."

எதிர் மாடியில துணி காயப் போட்டுக்கிட்டிருந்தா சாவித்ரா உபாத்யாய். புரோகிதர் வீட்டம்மா. அவ காது இருக்கே, அடுத்த தெருவுல குக்கர் விசில் அடிச்சா என்ன பருப்புன்னு சொல்லிடும். மூச்சு வாங்க இறங்கி வந்தா.

"என்ன ஜானுகா இது! மிஜார்ப் பொண்ணை மாடி வரைக்கும் ஏத்தியிருக்கியே!"

சிர்ஜனா திரும்பினா. "அக்கா, நேத்து பார்லர்ல புருவம் எடுக்க இந்தக் கையிலதானே மூஞ்சியைக் குடுத்தீங்க? அப்ப கூசலையா?"

"அது கடை. இது வீடு."

டெம்போக்காரன் ஹாரனை நிறுத்திட்டான். வேடிக்கை பார்க்கணுமில்ல!

"இவளை அனுப்பிட்டுத் தங்கத் தண்ணி தெளி ஜானுகா. தங்கம் பட்ட தண்ணி பட்டாத்தான் தீட்டுக் கழியும். இந்தா"ன்னு சாவித்ரா தன் மோதிரத்தையே கழட்டி நீட்டினா.

ஜானுகாம்மா உள்ள போய் ஒரு செம்பு தண்ணி கொண்டாந்தா. மோதிரத்தை வாங்கி அதுல போட்டா.

சிர்ஜனா ஒரு அடி நகரல. "தெளிங்கம்மா. என் தலையிலயே ஊத்துங்க. நனைஞ்சுக்கிட்டே நிப்பேன், ஓட மாட்டேன்."

ஜானுகாம்மா செம்பை அவகிட்ட நீட்டினா. "குடி."

சிர்ஜனா ஒண்ணும் புரியாம ஒரு வாய் குடிச்சா. செம்பைத் திரும்ப வாங்கி, அவ வாய் வச்ச இடத்துலயே வாய் வச்சு, மிச்சத்தை மடமடன்னு குடிச்சா ஜானுகாம்மா. மோதிரத்தைப் புடவையில துடைச்சு சாவித்ரா கையில வச்சா.

"டெம்போக்காரத் தம்பி, கட்டிலை இறக்கு!"

"உனக்கு என்ன பைத்தியமா? அவ எச்சிலைக் குடிக்கிறே!" சாவித்ரா அலறினா.

"அது இருக்கட்டும். இந்த மோதிரத்தை அடிச்சது யாரு?"

"யாரோ ஒரு சுனார். தங்க வேலை வேற யாரு செய்வா?"

"அந்த சுனாரை வீட்டுக்குள்ள விடுவியா?"

"கர்மம்! அவனும் இவளை மாதிரி தீட்டுக்காரன்தானே. முற்றத்துல உக்கார வச்சுத்தான் வேலை வாங்கினோம்."

"அவன் ஊதி ஊதி உருக்கின தங்கம் உன் தீட்டைக் கழிக்குது, அவன் மட்டும் தீட்டு!" ஜானுகாம்மா குரல் தெருக்கோடி வரைக்கும் போச்சு. "நல்லாக் கேட்டுக்கோ சாவித்ரா. கார்க்கின்னு நான் சொன்னது பொய். இத்தனை வருஷமா என் அடுப்பங்கரையில சம்மணம் போட்டு உக்காந்து நீ குடிச்ச டீயெல்லாம், ஒரு சுனார் மகள் போட்ட டீ!"