அழியாத கட்டங்கள்

“இவனுக்குக் கண்ணு இருக்கா, இல்லையா?”

அவர் மேசையில் குத்திய குத்தில் தேநீர்க் கோப்பை கவிழ்ந்தது. துடைக்கவில்லை. திரையையே முறைத்துக்கொண்டிருந்தார்.

“யாருக்குங்க?” அடுத்த அறையிலிருந்து மனைவி கேட்டாள். கேமராவைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். துணிக்கடை ஒன்றுக்குப் படம் எடுத்துத் தரக் கிளம்ப வேண்டும்.

“அந்தத் தும்பிதான். வேற யாரு?”

தும்பி என்பது புனைபெயர். அந்த ஆளை அவர் நேரில் பார்த்ததில்லை. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்து விளையாடலாம், யார் வேண்டுமானாலும் புது ஆட்டம் எழுதி அனுப்பலாம் என்று பொதுவில் திறந்து வைத்த ஒரு கணினி ஆட்டத் தொகுப்பு. வருகிற ஆட்டத்தைச் சோதித்து, சேர்ப்பதா தள்ளுவதா என்று சொல்வது அவர் பொறுப்பு. சம்பளம் கிடையாது. அதிகாரம் உண்டு. அனுப்புகிறவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் சுத்தியல்.

தும்பியின் ஆட்டம் எளிது. பலகை நிறையச் சதுரக் கட்டங்கள். ஒரே நிறத்தில் ஒட்டியிருக்கும் கட்டங்களைச் சுட்டியால் தொட்டால் அவை அழியும், மேலிருப்பவை சரிந்து இறங்கும். பலகை காலியானால் வெற்றி.

“அழியல. ஒரே மாதிரி ரெண்டு, பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்திருக்கு. தொட்டா கல்லு மாதிரி கிடக்குது. சில இடத்துல அழியுது, சில இடத்துல அழியல. ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்புறேன். ‘எனக்குச் சரியா ஓடுது ஐயா’ன்னு மறுபடி அதையே கொண்டாந்து நீட்டுறான்.”

“வேற யாரும் பார்க்கலையா?”

“பார்த்தான் ஒருத்தன். நல்லா ஓடுதாம். அவன் எதைக் காட்டினாலும் நல்லா இருக்கும்பான்.”

“எந்தக் கட்டம்னு ஒரு படம் எடுத்து அனுப்பிடுங்களேன்.”

“அதையேதான் அவனும் கேக்குறான். படம் போட்டுக் காட்ட நான் என்ன அவனுக்கு ஒண்ணாங்கிளாஸ் வாத்தியாரா?”

“முகம் தெரியாதவனுக்காக ரத்தக் கொதிப்பை ஏத்திக்காதீங்க. மாத்திரை வாங்கப் போறது நான்தான்.”

உண்மையில் அவரை எரித்தது வேறு. தும்பி எழுதிய நிரலை வரிவரியாக இரண்டு முறை படித்துவிட்டார். ஒரு பிழையும் அகப்படவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தைப் படித்தே தலை நரைத்தவர். எழுத்தில் யாரும் அவரை ஏமாற்றியதில்லை. அப்படிப்பட்டவரிடம், கண்ணெதிரே கிடக்கும் பிழையை ஒருவன் இல்லையென்று சாதிக்கிறான்.

“ஏங்க, உங்க பக்கத்துல கேமரா பேட்டரியை சார்ஜ் போட்டிருக்கேன். சார்ஜர்ல விளக்கு மாறிடுச்சா பாருங்க.”

“எரியுது.”

“எரியுதான்னா கேட்டேன்? மாறிடுச்சான்னு கேட்டேன்.”

“எரியுதுங்கிறேன்ல! வேலை செய்ய விடு.”

“என்னைக்கு ஒரு கேள்விக்கு உருப்படியா பதில் சொல்லியிருக்கீங்க? சுத்தியல்னு சும்மாவா பேரு வச்சாங்க.”

தும்பியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவர் உரக்கப் படித்தார்.

‘ஐயா, நாளை எனக்கு ஒரு நேர்காணல். ரொம்ப நாளாக வேலை இல்லை. இந்தத் தொகுப்பில் என் ஆட்டம் இருக்கிறது என்று காட்ட முடிந்தால் கட்டாயம் எடுத்துக்கொள்வார்கள். தயவுசெய்து இன்னொரு முறை பாருங்கள்.’

“பார்த்தியா? சரி பண்ணத் துப்பில்ல, அழுது காரியம் சாதிக்கப் பார்க்குறான்.”

“யாரு பெத்த புள்ளையோ. ஒரு தடவ பார்த்திடுங்க.”

ஆட்டத்தைத் திறந்தார். தொட்டார். அழியவில்லை. அழுத்தித் தொட்டார். அழியவில்லை. சுட்டியைத் தூக்கி மேசையில் அடித்தார்.

பிறகு பதில் எழுத உட்கார்ந்தார். தொகுப்பின் முடிவுகள் ஒருவருக்கு மட்டும் போவதில்லை. உறுப்பினர் அத்தனை பேருக்கும் போகும். போனது போனதுதான், திரும்பப் பெற வழியில்லை. அதனால் சொற்களைப் பொறுக்கி எழுதினார்.

‘ஆட்டம் நிராகரிக்கப்படுகிறது. தும்பி இனி இங்கே எதையும் அனுப்ப முடியாது. கண் உள்ளவர்கள் மட்டும் ஆட்டம் எழுத வரவும்.’

அனுப்பினார். நாற்காலியில் சாய்ந்தார்.

பேட்டரியை எடுக்க மனைவி வந்தாள். சார்ஜரைப் பார்த்ததும் உச்சுக் கொட்டினாள். “இன்னும் ஏறவே இல்ல. நல்லாப் பார்த்தீங்க போங்க.”

“அதை விடு. இங்க வா, நீயே ஒரு நியாயம் சொல்லு.” அவள் தோளைப் பிடித்துத் திரைக்கு முன் நிறுத்தினார். “இந்தா, இந்த ரெண்டு கட்டம். தொடுறேன். அழியுதா? மறுபடி தொடுறேன். அழியுதா? இப்பச் சொல்லு, யாருக்குக் கண்ணு இல்ல?”

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு திரையை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

“ஏங்க… ஒண்ணு சிவப்பு, ஒண்ணு பச்சைங்க.”