ஆறு வரியிலும் க்ளீன்

“கோவிக்கப்படாது மாஸ்டர். ஆறு வரியிலயும் ‘க்ளீன்’ எண்டுதான் எழுதியிருக்கிறீங்க.”

டொக்டர் கனகரெத்தினம், மாஸ்டர் ஜெர்மனிலிருந்து இங்கிலீசில் எழுதிக் கொடுத்த தாளை மேசையில் வைத்தார். ஸைனுலாப்தீன் மாஸ்டரின் முகம் சுருங்கிவிட்டது. கல்முனையில் முப்பது வருடமாக இங்கிலீசு படிப்பிக்கிறவர் அவர். அரசாங்கக் கச்சேரிக்குப் போகும் கடிதம் எதுவும் அவர் கண்ணில் படாமல் ஊர் எல்லையைத் தாண்டாது. அப்பேர்ப்பட்டவரின் இங்கிலீசில் குறை சொல்ல ஒருவர் வீடு தேடி வந்திருக்கிறார்.

“பிழை எண்டு சொல்லல்ல மாஸ்டர், விளங்கல்ல எண்டு சொல்றன். நாலாவது வரியில, உள்பக்கத்தை க்ளீன் பண்ணு எண்டு கிடக்கு. அஞ்சாவதில, உள்பக்கத்தை க்ளீன் பண்ணாதே எண்டு கிடக்கு. நான் எதைச் செய்யிற?”

“டிக்‌ஷனரி சொல்றதத்தானே டொக்டர் எழுதலாம்?” மாஸ்டர் உள்ளங்கையளவு ஜெர்மன் அகராதியைத் தூக்கிக் காட்டினார். கொழும்புக்கு ஆள் விட்டு எடுப்பித்தது. “இந்தச் சொல்லுக்கும் க்ளீன், அந்தச் சொல்லுக்கும் க்ளீன். இல்லாத சொல்லுக்குக் கிட்டடிச் சொல்லப் பாத்துப் போட்டன், அதுவும் க்ளீன். ஜெர்மன்காரனுக்கு வேற வேலை இல்ல போல!”

டொக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒப்பரேசன் ஆயுதங்களைச் சுத்தம் செய்யும் மெசின் ஒன்று ஜெர்மனியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இனாமாக வந்து ஒரு மாதமாகிறது. கூட வந்த புத்தகம் முழுக்க ஜெர்மன். நாளை மறுநாள், அனுப்பியவர்களின் ஆள் ஒருவர் பார்க்க வருகிறார். ஓடாத மெசினைக் கண்டால் வேறு ஊருக்கு ஏற்றிவிடுவார். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியின் வயிற்றை வெட்ட வேண்டுமென்றால் இன்னும் மட்டக்களப்புக்குத்தான் வண்டி விட வேண்டியிருக்கிறது.

“வாப்பா, அதக் கொஞ்சம் நான் பாக்கட்டா?”

கதவுச் சீலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“அட, மறந்தே போனன் டொக்டர்! என்ட மூத்த மகள் சுல்பிகா. குவைத்தில நாலு வருசம், ஜெர்மன் இஞ்சினியர் ஒருத்தர்ட புள்ளைகளுக்கு டீச்சரா இருந்தவ. வந்து மூணு கிழமைதான்.”

மாஸ்டர் மறந்தார் என்பதை யாரும் நம்ப வேண்டாம். பள்ளிவாசல் முதல் சந்தை வரை மூன்று கிழமையாக அவர் சொல்லித் திரிந்தது இது ஒன்றைத்தான். சூறாவளியில் விழுந்த வீட்டை, குவைத்திலிருந்து காசு அனுப்பித் திரும்ப எழுப்பியவள் அவள். ஆனால், மகளிடம் கேட்டு எழுதினார் என்று பெயர் வந்துவிடக் கூடாதே என்றுதான் இரண்டு நாளாக அகராதியோடு தனியே மல்லுக்கட்டினார்.

சுல்பிகா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மேசையருகே வந்தாள். நின்றபடியே புத்தகத்தை விரித்து, உதடு அசைய எழுத்துக் கூட்டினாள்.

“நாலாவது, ஈரத் துணியால துடைக்கச் சொல்லுது டொக்டர். தண்ணி ஊத்தப்படாது. அஞ்சாவது, தூள் போட்டு உரசாத எண்டு சொல்லுது. உரசினாக் கீறு உழுந்துரும்.”

“வைப்! ஸ்க்ரப்!” மாஸ்டர் பேனையைத் திறந்தார்.

“முதலாவது, பிரஸ்ஸால தூசி தட்டிறது. ரெண்டாவது, தண்ணிய ஓட விட்டு அலசிறது. சவுக்கார நுரை மிஞ்சப்படாது. மூணாவது, கேத்தலுக்குள்ள வெள்ளையாப் படியுமே, அதை எடுக்கிறது. வினாகிரி ஊத்தி ஊற வெச்சா இளகி வரும்.”

“ஆறாவது?” என்றார் டொக்டர். கதிரை நுனிக்கு வந்துவிட்டார்.

“கொதிக்கக் கொதிக்க அவிச்சுக் கிருமியச் சாகடிக்கிறது. குழந்தைட பால் போத்தலுக்குச் சொல்ற சொல்.”

“ஸ்டெரிலைஸ்!” டொக்டரும் மாஸ்டரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

அரை மணி நேரத்தில் ஆறு வரிக்கும் ஆறு சொல் வந்துவிட்டது. டொக்டர் இரண்டு தரம் வாசித்துப் பார்த்தார். “இது போதும். இண்டைக்கே மெசினை ஓட்டிக் காட்டிறன்” என்றார்.

மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை.

“பாத்தீங்களா டொக்டர்! டீச்சர் எண்டா இப்பிடித்தான், ஒவ்வொரு சொல்லுட அடியையும் தொட்டுப் பாக்கணும். ஸைனுலாப்தீனுக்கு ஆம்புளப்புள்ள இல்லையே எண்டு இரங்கினவனெல்லாம் இப்ப வந்து பாக்கட்டும்!”

தாளின் அடியில் தன் பெயரை எழுதப் போனவர், ஒரு கணம் நிறுத்தி, மகளின் பெயரை எழுதினார். பக்கத்தில் ‘டீச்சர்’ என்றும் சேர்த்தார். முப்பது வருடத்தில் வேறொருவரின் பெயருக்கு அவர் இடம் விட்டது இதுதான் முதல் தடவை. அதில் அவருக்குச் சந்தோசம்தான்.

சுல்பிகா ‘டீச்சர்’ என்ற அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இன்னொண்டு தங்கச்சி” என்றார் டொக்டர் எழும்பிக்கொண்டே. “அந்த ஜெர்மன்காரர் வரக்குள்ள, கதிரையக் காட்டி ‘இருங்க’ எண்டு அவர்ட பாசையிலயே சொன்னா மனுசன் குளிர்ந்து போவார். அதை எப்பிடிச் சொல்றது?”

“இதெல்லாம் ஒரு கேள்வியா டொக்டர்?” மாஸ்டர் சிரித்தார். “வகுப்புக்குள்ள காலை வெச்சா டீச்சர்ட வாயில வாற முதல் சொல்லே அதுதானே. சொல்லுங்க மகள்!”

சுல்பிகா வாப்பாவின் கையிலிருந்த பேனையை வாங்கினாள். தன் பெயரை விட்டுவிட்டு, ‘டீச்சர்’ என்பதை மட்டும் வெட்டினாள். தலையைக் குனியவில்லை.

“தெரியா டொக்டர். அந்த ஊட்டுல நாலு வருசமா என்னை ஒருத்தரும் கதிரையில இருக்கச் சொன்னதில்ல.”