உருண்டை எழுத்து

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்து, நாகூர் மீரான் அப்போதுதான் கடைக் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

“இத அடிச்சது நீங்கதானே, பாய்?”

சாந்தினி வேலையைப் பாதியில் விட்டு, தொழிற்சாலைச் சீருடையிலேயே வந்திருந்தாள். கைபேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். தொழிற்சாலை வாசலில் கட்டிய பேனர். ‘நன்றி, எங்கள் குடும்பமே’ என்று மலாயில் பெரிதாக இருந்தது. மூலையில் அவருடைய சூலியா தெரு அச்சுக் கடையின் பெயர். பேனருக்குக் கீழே நாலைந்து பெண்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் அவள்.

அவர் ஒப்புக்கொண்டார். நன்றாக வந்திருக்கிறது என்றும் சொல்லிவிட்டார்.

அதுதான் அவளைக் கிளப்பிவிட்டது. தீபாவளி விருந்து, குடும்ப தினம் எல்லாவற்றுக்கும் கம்பெனி இந்த எழுத்தில்தான் பேனர் கட்டும். காலையில் தூரத்திலிருந்தே அதைப் பார்த்தவர்கள் ஓடிப்போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம்தான் ஒருத்தி கீழே இருந்த வரியைப் படித்தாள். மாதக் கடைசியோடு தொழிற்சாலையை மூடுகிறார்கள்.

கணவர் கார்த்திகேசுவிடம்கூட அவள் இன்னும் சொல்லவில்லை. வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்து, கிடைக்கிற வேலையைச் செய்கிற மனிதர். கேட்டால் இடிந்துபோவார்.

“வேலைய விட்டுத் தூக்குற சேதி, பாய். அத பபள் டீ கடை எழுத்துலயா போடுவாங்க? ஒவ்வொண்ணும் பலூன் மாதிரி உப்பிக்கிட்டு நிக்குது.”

நாகூர் மீரான் எழுத்துக்குப் பரிந்து பேசினார். நல்ல தடிப்பு, தூரத்திலிருந்தே தெரியும். முனையெல்லாம் உருண்டையாக இருப்பதால் கண்ணை உறுத்தாது. ஐஸ்கிரீம் கடையிலிருந்து பாலர் பள்ளிவரை எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள் என்றார்.

“பாலர் பள்ளிக்குப் போடுங்கலா. நாங்க பதினெட்டு வருஷம் நின்னு வேலை செஞ்சவங்க. நேரான எழுத்துல போட்டிருந்தா அழுதுட்டாவது போயிருப்போம். இப்ப ஆளாளுக்கு போன்ல சிரிச்ச படம் கிடக்கு.”

மாதக் கடைசிவரை அந்தப் பேனர் அங்கேதான் தொங்கும். தினமும் அதற்குக் கீழே நுழைய அவளால் முடியாது. கம்பெனியிடம் பேசி, வேறு எழுத்தில் அடித்து நாளைக்கே மாற்றச் சொன்னாள்.

அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

“கம்பெனி கேட்டது சாதா கறுப்பு எழுத்துதான், தங்கச்சி. டிசைன் போடுறவர்தான் அடம்பிடிச்சு மாத்துனாரு. படிக்கிறவங்களுக்கு வலிக்கக் கூடாதாம்.”

சாந்தினி கைபேசியைப் பையில் போட்டாள். கம்பெனியையாவது மன்னித்துவிடலாம், கணக்குப் பார்க்கிறவர்கள். இரக்கப்பட்டு அவர்களைச் சிரிக்க வைத்த இந்த ஆளைச் சும்மா விடக் கூடாது.

“அவருக்கு போன் போடுங்க. எது வலிக்கும்னு நான் சொல்றேன்.”

நாகூர் மீரான் எண்ணை அழுத்தி, இருவருக்கும் கேட்கும்படி கைபேசியை மேசைமேல் வைத்தார். மணி போனது.

“பாய், அந்த பேனர கட்டிட்டாங்களா? என் சம்சாரம் அங்கதான் வேலை செய்யுது. இன்னும் ஒரு போன்கூட வரல.”

சாந்தினி கைபேசிப் பக்கம் குனிந்தாள்.

“எப்பலேருந்துங்க தெரியும் உங்களுக்கு?”